யாரும் துக்கம் விசாரிக்க வராத துன்பங்கள்

(‘நம் மகிழ்ச்சியை அதிகம் குலைப்பவை வாழ்வில் விழும் பேரிடிகளா, அன்றாடத் தொல்லைகளா?’ என்ற தலைப்பில், ‘அன்றாடத் தொல்லைகளே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

எதிரணியில் கைக்குட்டையோடு வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசின எதிரணி அய்யா ரொம்ப உருக்கமாப் பேசினாரு. ‘புருஷனைப் பறிகொடுத்தவ பக்கத்துல, கரண்டு போச்சேன்னு புலம்புறவ நிக்க முடியுமா?’ அப்படின்னு கேட்டாரு. அரங்கமே கை தட்டிச்சு. நானும் தட்டினேன். நல்லாக் கேட்டாரு. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத்தான் போறேன், கொஞ்சம் பொறுத்துக்கணும். அதுக்கு முன்னால ஒண்ணு. எது பெரிய துன்பம் என்று தலைப்பு கேட்கவில்லை அய்யா. எது நம்ம மகிழ்ச்சியை அதிகமாக் குலைக்குதுன்னுதான் கேட்குது. புயல்ல விழுந்த வீட்டைப் பத்திப் பத்திரிகையில போடுவாங்க. கரையான் அரிச்ச வீட்டைப் பத்தி யாராவது எழுதி இருக்காங்களா? ஊரில் எது அதிகம், நீங்களே எண்ணிப் பாருங்க.

துன்பத்துக்கு மார்க் போட முடியுமா? போட்டிருக்காங்க! 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்று இரண்டு மருத்துவர்கள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மனிதன் வாழ்க்கையிலே வரக்கூடிய 43 மாற்றங்கள். ஒவ்வொன்றும் மனசை எவ்வளவு அலைக்கழிக்கும் என்று நிறையப் பேரைக் கேட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100. விவாகரத்து 73. ஜெயிலுக்குப் போனால் 63. கல்யாணம் ஆனால் 50. ஜெயிலுக்கும் கல்யாணத்துக்கும் 13 மார்க்குதான் வித்தியாசம்! (பலத்த சிரிப்பு) நான் சொல்லலைங்க, டாக்டருங்க சொல்றாங்க. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் 45. சண்டை போட்டுப் பிரிஞ்ச புருஷன் பெண்டாட்டி மறுபடி ராசியாயிட்டாலும் அதே 45. மாமனார் மாமியார் வகையறா தகராறுக்கு 29. நம்ம ஊர்க்காரங்க மார்க் போட்டிருந்தா அது எங்கே போயிருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு வருஷத்துல இந்த மார்க் ஏறிக்கொண்டே போனால் உடம்புக்கு நோய் வர வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கணக்கு. எதிரணி முழுசும் இந்தப் பட்டியல் மேலதான் உட்கார்ந்திருக்கு. நல்ல பட்டியல்தான், மறுக்கலை. ஆனா அதுல ஒரு ஓட்டை. ஒருத்தருக்குச் சாவும் இல்லை, விவாகரத்தும் இல்லை, ஜெயிலும் இல்லை. மார்க் ரொம்பக் கம்மி. அப்புறம் ஏன் தினமும் தலைவலி? ஏன் தூக்கம் இல்லை? ஏன் குழந்தை தண்ணியைக் கொட்டினதுக்கு அந்த அடி அடிக்கிறாங்க?

இந்தக் கேள்வியைப் பெரிசா எடுத்துக்கிட்டவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்டு லாசரஸ் என்கிற மனநூல் அறிஞர். அவரும் அவரோட வேலை பார்த்தவர்களும் வேறொரு பட்டியல் போட்டார்கள். அதிலே 117 தொல்லைகள். என்ன தொல்லை? சாமானை எங்கேயோ வச்சிட்டுத் தேடறது, விலைவாசி, உடம்பு எடை போடுறது, வீட்டு ரிப்பேர், செய்ய வேண்டிய வேலை மலைபோலக் கிடக்கறது, வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாதது. இதையெல்லாம் யாரும் கதையா எழுத மாட்டாங்க, சினிமா எடுக்க மாட்டாங்க. நடுத்தர வயதுக்காரர்கள் நூறு பேரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்து, மாதாமாதம், ஒன்பது மாதம் நிரப்பச் சொன்னார்கள். பேரிடிக் கணக்கையும் கூடவே வாங்கிக்கொண்டார்கள். 1981-ல் முடிவு வெளியானது. அந்த நூறு பேருடைய மன உளைச்சல் அறிகுறிகளைச் சரியாகச் சொன்னது பேரிடிப் பட்டியல் அல்ல, இந்த அற்பத் தொல்லைப் பட்டியல்தான்! (கைதட்டல்)

உடனே எதிரணியில ஒருத்தர் கையைத் தூக்குறாரு. ‘அம்மா, ஏற்கெனவே மனசு சரியில்லாதவனுக்கு எல்லாமே தொல்லையாத்தானே தெரியும்? கோழி முதலா, முட்டை முதலா?’ நியாயம். அப்போதே வேறு ஆராய்ச்சியாளர்களும் இதைக் கேட்டார்கள். அதுக்கு ஓரளவு பதில் பின்னால வந்தது. அமெரிக்காவில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தினமும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பத்து வருஷம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். 2013-ல் அது வெளிவந்தது. சின்னத் தொல்லை வந்த நாளில் யாருக்கு மனசு அதிகமாகக் கலங்கியதோ, அவர்களுக்குப் பத்து வருஷம் கழித்து மனக்கவலை, மனச்சோர்வு வகை நோய்கள் வர வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆரம்பத்தில் அவர்களுடைய மனநிலை எப்படி இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகுதான் இதைச் சொல்கிறார்கள். அன்னிக்கு ஒரு நாள் எரிச்சல்னு விட்டுடற விஷயம், பத்து வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டுது.

இப்போ எதிரணி அய்யாவோட கேள்விக்கு வர்றேன். புருஷனைப் பறிகொடுத்தவளும் கரண்டுக்குப் புலம்புறவளும் பக்கத்துல பக்கத்துல நிக்க முடியுமான்னு கேட்டீங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா என்ன பண்ணுவீங்க அய்யா?

2019-ஆம் வருஷம் கோடையில சென்னை எப்படி இருந்ததுன்னு இங்கே இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டு போச்சு. ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. நாங்க இருந்த தெருவுக்கு லாரித் தண்ணிதான். எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. விடிகாலை நாலு மணிக்கும் வரும், ராத்திரி பதினோரு மணிக்கும் வரும். எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலதான் அவங்க வீட்டுக்காரர் தவறிப் போனாரு. அப்போ அவங்க நிலைகுலையலை. ரெண்டு பிள்ளைகளையும் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்து நின்னாங்க. அந்த அக்கா ஒரு நாள் காலைல வரிசையில நிக்கறாங்க. முன்னால மூணே குடம். லாரிக்காரர் குழாயைச் சுருட்டி மேல போட்டுட்டு வண்டியை எடுத்துட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, தண்ணி தீர்ந்து போச்சு. அந்த அக்கா காலிக் குடத்தை நடுத்தெருவுல வச்சிட்டு, அது மேலேயே குனிஞ்சு, அப்படி ஒரு அழுகை அழுதாங்க. சாவு வீட்டுல கூட அவங்க அப்படி அழுது நான் பார்க்கலை.

தெருவுல நின்னவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ‘ஒரு குடம் தண்ணிக்கா இப்படி அழற?’

அய்யா, வீட்டுக்காரர் இறந்தப்போ பதினாறு நாள் அந்த வீட்டுல அடுப்பு எரியலை. நாங்க மாத்தி மாத்திச் சமைச்சுக் கொடுத்தோம். ஊர்லேர்ந்து ஜனம் வந்துது. ஆபீசுல லீவு கொடுத்தாங்க. துக்கப்படறதுக்கு அவங்களுக்கு உரிமை இருந்துது. லாரி போனதுக்கு அந்த உரிமை கிடையாது. அதுக்கு யாரும் லீவு தர மாட்டாங்க, யாரும் சோறாக்கிப் போட மாட்டாங்க. நாற்பது நாளா அரைத் தூக்கம் தூங்கி, ஆபீசுல பேச்சு வாங்கி, பிள்ளைக்கு ரெண்டு நாள் அதே யூனிபாரத்தைப் போட்டு அனுப்பினதெல்லாம் சேர்ந்து அன்னிக்கு அழுகையா வந்துது. வெளியே தெரிஞ்சது ஒரு குடம் மட்டும்தான். (கைதட்டல்)

இதே சென்னையில 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. அடையாறு ஊருக்குள் புகுந்தது. தமிழகத்தில் அந்த மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உயிரிழந்தார்கள். அதைச் சின்னதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனா அப்போ நம்ம ஜனம் எப்படி இருந்துதுன்னு நினைச்சுப் பாருங்க. மீனவர்கள் படகை எடுத்துக்கிட்டுத் தெருவுக்குள்ளே வந்தாங்க. முன்னே பின்னே தெரியாத வீட்டுல சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினாங்க. மாடியில யாரு வேணும்னாலும் வந்து படுத்துக்கலாம். நாலு வருஷம் கழிச்சு அதே ஜனம், அதே தெரு, ஒரு குடத்துக்காகத் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாலு வருஷத்துல ஜனம் கெட்டுப் போச்சா? இல்லைங்க. பேரிடி வந்தா ஊரே ஒண்ணு சேருது. தொல்லை வந்தா அவங்கவங்க குடத்தோட அவங்கவங்க தனியா நிக்கிறாங்க.

அந்த லாரி விஷயத்துல இன்னொரு நுணுக்கம் இருக்கு. தண்ணி கம்மியா வந்ததை விட, எப்போ வரும்னு தெரியாததுதான் எங்களை அதிகமா வாட்டினது. இதுக்கு ஒரு பரிசோதனையே உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்று இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆட்களை உட்கார வைத்து வேலை கொடுத்தார்கள். கூடவே காதைப் பிளக்கிற சத்தம். ஒரு பகுதியினருக்குச் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்றே தெரியாது. இன்னொரு பகுதியினர் கையில் ஒரு பொத்தான். ‘தாங்க முடியலைன்னா இதை அழுத்துங்க, சத்தம் நின்னுடும். ஆனா அழுத்தாம இருந்தா நல்லது’ என்று சொல்லிவிட்டார்கள். சத்தம் முடிந்த பிறகு எல்லாருக்கும் விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கையை விரித்துவிட்டார்கள். பொத்தான் இருந்தவர்கள் ரொம்ப நேரம் முயற்சி செய்தார்கள். வேடிக்கை என்னன்னா, அவங்களில் பெரும்பாலோர் அந்தப் பொத்தானை அழுத்தவே இல்லை! அதே சத்தம், அதே காது. நினைச்சா நிறுத்தலாம் என்கிற எண்ணம் மட்டும்தான் கூடுதல். 1972-ல் இதைப் புத்தகமாகவே போட்டார்கள்.

இப்போ நம்ம வீட்டை எடுத்துக்குங்க. எத்தனை சத்தத்துக்கு நம்ம கையில பொத்தான் இருக்கு? பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில ராத்திரி பத்தரைக்கு ‘நாளை மஞ்சள் சார்ட் பேப்பர் கொண்டுவரவும்’னு வருது. (சிரிப்பு) பத்தரை மணிக்கு மஞ்சள் சார்ட்டுக்கு நான் எங்கே போறது? சிலிண்டர்காரர் ஓ.டி.பி. கேட்கறப்போ போன் சார்ஜில செத்துக் கிடக்கும். மேல் அதிகாரிக்குத்தான் டென்ஷன், கீழே இருக்கறவங்களுக்கு என்னன்னு நாம நினைக்கிறோம். லண்டன் அரசு அலுவலகங்களில் 1985-ல் தொடங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாத ஊழியர்களுக்கு இருதய நோய் அதிகம். பெரிய நாற்காலிக்காரருக்கு டென்ஷன் இருக்கலாம். ஆனால் அவர் கையில பொத்தானும் இருக்கே!

சரி, எரிச்சல் பட்டா உடம்புக்கு என்னங்க? தெரு நாய் துரத்துதுன்னு வச்சுக்குவோம். இருதயம் படபடன்னு அடிக்கும், மூச்சு வாங்கும், வயிறு வேலையை நிறுத்தும், ரத்தம் காலுக்கு ஓடும். ஓடு, இல்லை எதிர்த்து நில் என்று உடம்பு தயாராகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் 1915-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். அட்ரினலின் உடனே வரும், கொஞ்சம் பின்னால் கார்ட்டிசால் என்கிற சுரப்பு வரும். நல்ல ஏற்பாடு. அது இல்லைன்னா நாம நாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டே இருக்கணும். நாய் போயிடுச்சுன்னா கொஞ்ச நேரத்துல உடம்பு அடங்கிடும். ஆனா, ‘அந்த நாத்தனார் கல்யாண வீட்டுல என்னைப் பார்த்து ஏன் அப்படிக் கேட்டா?’ன்னு ராத்திரி ரெண்டு மணிக்குப் புரண்டு படுக்கறோமே, அந்த நாய் போகவே போகாது. நாத்தனார் அவங்க வீட்டுல குறட்டை விட்டுத் தூங்குறாங்க. நம்ம உடம்பு இங்கே ஓடிக்கிட்டே இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்) ரத்த அழுத்தம், தூக்கம், செரிமானம் எல்லாத்தையும் அது தொடுது. தொல்லை அஞ்சு நிமிஷம். அதை அசை போடறது அஞ்சு மணி நேரம்.

மகிழ்ச்சிப் பக்கத்தையும் ஒரு வார்த்தை பார்த்துடலாம். பெரிய சம்பவம்தான் மனுஷனை மாத்தும்னா, பெரிய அதிர்ஷ்டமும் மாத்தணுமே? 1978-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி விழுந்த 22 பேரைப் போய்க் கேட்டார்கள். பரிசு விழாத அக்கம்பக்கத்தாரை விட அவர்கள் ஒன்றும் பெரிசா அதிக மகிழ்ச்சியில் இல்லை. அதோட, சிநேகிதரோட பேசறது, காலை உணவு சாப்பிடறது, வேடிக்கையான ஒரு சேதி கேட்கறது, இந்த மாதிரி சில்லறைச் சந்தோஷங்கள் அவங்களுக்கு அந்த அக்கம்பக்கத்தார் அளவுக்கு ருசிக்கலை. 22 பேர் என்பது சின்னக் கணக்கு என்று எனக்கும் தெரியும். 2020-ல் சுவீடனில் இருந்து வந்த பெரிய ஆய்வு, லாட்டரிப் பணம் கிடைத்தவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியது, அது பத்து வருஷத்துக்கு மேலும் நின்றது என்கிறது. எதிரணி இதைப் பிடிச்சுக்கும், பிடிச்சுக்கட்டும். ஆனா அந்த ஆய்விலேயே ஒண்ணு கவனிக்கணும். ‘மொத்தத்துல உங்க வாழ்க்கை எப்படி?’ன்னு கேட்டா திருப்தி நல்லாக் கூடியிருக்கு. அன்றாட மகிழ்ச்சியைக் கேட்டா அந்த அளவுக்குக் கூடலை. லாட்டரியில கோடி விழுந்தாலும் நாத்தனார் அதே நாத்தனார்தானே? எப்படியோ, நம்ம மாநிலத்துல 2003-லேயே லாட்டரியை நிறுத்திட்டாங்க, நாம குழாயை நாமளே பார்த்துக்கணும். (சிரிப்பு)

லாசரஸ் குழுவினர் தொல்லைப் பட்டியலோடு நிறுத்தவில்லை. சின்னச் சந்தோஷங்களுக்கும் 135 அடங்கிய பட்டியல் போட்டார்கள். அதில் ஜனங்கள் அதிகம் குறித்தது என்ன தெரியுமா? வாழ்க்கைத் துணையோட, சிநேகிதங்களோட நல்லபடியா இருக்கறது, கையில எடுத்த வேலையை முடிச்சது, நல்லாத் தூங்கினது. நகையும் இல்லை, நாடு சுத்தறதும் இல்லை.

இங்கே எதிரணி அய்யாவை நான் ஒண்ணு கேட்கணும். ‘இதெல்லாம் ஒரு கஷ்டமா?’ன்னு நீங்க மேடையில கேட்டீங்க. நம்ம வீட்டிலேயும் அதைத்தான் கேட்கறோம். பால் பாக்கெட் தீர்ந்ததிலிருந்து மாமனார் மாத்திரை வரைக்கும், எல்லாத்தையும் ஒருத்தர் தலையில வச்சுக்கிட்டுத் திரியறாங்க. பெரும்பாலும் அது யாருன்னு நான் சொல்லணுமா? (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) ‘சொல்லு, செய்யறேன்’ங்கறாரு வீட்டுக்காரர். நல்ல மனுஷன்தான். ஆனா ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்றதே ஒரு வேலைன்னு அவருக்குத் தெரியலை. காய் நறுக்கிக் கொடுத்தா கை வலி போகும். மாத்திரை எப்போ தீரும்ங்கற கணக்கை அவரே வாங்கிக்கிட்டாத்தான் தலைவலி போகும். அதனால நான் கேட்கறது பெரிய உதவி இல்லை. பட்டியல்ல மூணு விஷயத்தை முழுசா எடுத்துக்குங்க. எங்களுக்கு ஞாபகமே இருக்கக் கூடாது.

லாரி விஷயத்துல கடைசியா நாங்க என்ன பண்ணினோம்னு சொல்லிடறேன். தண்ணியை அதிகமாக்க எங்களால முடியலை. ஆனா லாரி தெருமுனைக்கு ரெண்டு தெரு முன்னால வர்றப்பவே அங்கே இருக்கற ஒரு பெட்டிக்கடைக்காரர் எங்களுக்குப் போன் பண்றதுன்னு ஏற்பாடு. அவ்வளவுதான். தண்ணி அதே எட்டுக் குடம். ஆனா ராத்திரி ஜனம் படுத்துத் தூங்கிச்சு. சண்டையும் பாதி குறைஞ்சுது.

நடுவர் அய்யா மணியைத் தொடறாரு. ஒரே ஒரு தகவல். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூங்கப் போகும் முன் அஞ்சு நிமிஷம் எழுத வைத்தார்கள். பாதிப் பேர் அதுவரை முடித்த வேலைகளை எழுதினார்கள். பாதிப் பேர் இனிமே செய்ய வேண்டியதை எழுதினார்கள். பாக்கி வேலையை எழுதினவங்களுக்குத்தான் தூக்கம் பதறி ஓடும்னு நாம நினைப்போம். அவங்கதான் சுமார் 9 நிமிஷம் முன்னாலேயே தூங்கிட்டாங்க. எவ்வளவு விவரமா எழுதினாங்களோ, அவ்வளவு சீக்கிரம் தூக்கம். 57 பேர்தான், எல்லாம் வயசுப் பிள்ளைங்க, மாமியார் வீட்டுல யாரும் இல்லை, அதையும் சொல்லிடறேன். (சிரிப்பு) ஆனா ஒரு பேனாவும் காலண்டர்த் தாளும் போதும்ங்கறதால நான் செஞ்சு பார்க்கறேன். நேத்து ராத்திரி எழுதினதுல முதல் வரி, ‘பட்டிமன்றத்துக்குச் சேலை, ஜாக்கெட், இஸ்திரி’. ரெண்டாவது வரி, ‘நடுவர் மணி அடிக்கறதுக்குள்ள உட்காரணும்’.